இடுப்பு வலிக்குப் போனேன், பருப்பு அள்ளக் கற்றுக்கொடுத்தார்கள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இடுப்பு வலிக்குப் போன இந்த பிசியோதெரபி இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம். "பேரைப் போட்டு எதுவும் எழுதிடாதீங்க அண்ணா, இருக்கிற கூட்டத்தையே என்னால பார்க்க முடியல" என்று அங்கே சிகிச்சை கொடுக்கிற மேடமே கேட்டுக்கொண்டது இன்னொரு காரணம். திருப்பாப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு கடைக்கு மேல் மாடி. அதற்குமேல் வேண்டுமென்றால் விசாரித்துக்கொள்ளுங்கள். கடலூர் என்ன அவ்வளவு பெரிய ஊரா?

எனக்கு முதுநகரில் மளிகைக் கடை. அப்பா வைத்த கடை. வயது 51. காலை 6 மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு 9.30-க்குத்தான் இறக்குவது. இரண்டு வருடத்துக்கு மேலாக இடுப்பில் வலி. வலப்பக்கம், வேட்டி மடிப்பு உட்காருகிற இடத்தில். காலுக்கு இறங்காது. ஆனால் கல்லாவிலிருந்து எழுந்தால் நாலு எட்டு வைத்தபிறகுதான் முதுகு நிமிரும். அந்த நாலு எட்டைப் பார்த்துவிட்டு "என்னண்ணா, வயசாயிடுச்சா" என்று கேட்பார்கள். கேட்டவருக்கு அன்றைக்குக் கடன் கிடையாது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. காலால் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று அம்மா சொல்ல, எதிர்வீட்டில் அப்படிப் பிறந்த பெண் ஒருத்தியைக் கூட்டிவந்தார்கள். அஞ்சாம் வகுப்புப் பிள்ளை. வெட்கத்தில் சிரித்துக்கொண்டே மூன்று தடவை என் முதுகில் காலை வைத்து எடுத்தாள். கூலி ஒரு பொட்டலம் தேன்மிட்டாய். இதுவரை செய்த வைத்தியங்களில் விலை குறைந்தது அதுதான், அதனால் குறை சொல்ல மாட்டேன். திருவதிகை பக்கத்தில்தான் இருக்கிறது, அப்பர் பெருமானிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்றார் ஒரு வாடிக்கையாளர். அப்பருக்கு இருந்தது சூலை, வயிற்று வலி. அதன்பிறகு உழவாரத்தைப் பிடித்துக்கொண்டு கோயில் கோயிலாகக் குனிந்து புல் செதுக்கினாரே, அப்போது இடுப்பு வலித்ததாக எங்கேயும் சொல்லவில்லை. கொடுத்து வைத்தவர்.

அப்புறம் புதுச்சேரியில் ஒரு இடம். அதன் பெயரும் வேண்டாம். 15 நாள் பஸ்ஸில் போய் வந்தேன். நாலு பட்டை ஒட்டிக் கரண்ட் வைத்தார்கள், இடுப்பில் வார் கட்டி இழுத்தார்கள். படுத்திருக்கும்போது சுகமாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதற்குள் பழையபடி. நாள் ஒன்றுக்கு 300, ஆக 4,500. பெல்ட் 850. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் 6,000. மொத்தம் 11,350, பஸ் கட்டணம் தனி. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர் "டிஸ்க் பிதுங்கியிருக்கு, இனிமே வெயிட்டே தூக்கக் கூடாது" என்றார். டிஸ்க் என்றால் முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை. மளிகைக் கடைக்காரனிடம் வெயிட் தூக்காதே என்பது மீனவரிடம் தண்ணீரில் கால் வைக்காதே என்பது மாதிரி. ஒரு மாதம் கடைப்பையனை விட்டே எல்லாம் தூக்க வைத்தேன். வலி அப்படியே இருந்தது, பையன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

இந்த நிலையில்தான் மேற்படி மாடி. மேடம் பிசியோதெரபிஸ்ட். பகலில் ஆராய்ச்சி, இடுப்பு வலிக்காரர்கள் எப்படி அசைகிறார்கள் என்பதில்தான் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார். சாயங்காலம் 5-இலிருந்து 8 வரை நோயாளிகள்.

மாடிப்படி பற்றிச் சொல்லியாக வேண்டும். 19 படி. ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. கைப்பிடி பாதியில் நின்றுவிடும். இடுப்பு வலிக்காரனை வரவேற்க இப்படி ஒரு ஏற்பாடா என்று முதல் நாளே கேட்டேன். "வாடகை அண்ணா" என்றார். வியாபாரிக்கு அந்த ஒரு சொல் போதும், விட்டுவிட்டேன். ஆனால் வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் யோசித்துப் போங்கள்.

மேலே போனால் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி. 6 மணிக்கு வரச் சொன்னால் 7.10-க்கு உள்ளே கூப்பிடுவார்கள். அந்த நேரம்தான் எனக்குக் கடையில் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 2020-இல் உலகம் முழுக்க 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது, 2050-இல் அது 84 கோடியைத் தாண்டும், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காத்திருந்த நேரத்தில் அதை எத்தனை தடவை படித்தேனோ. அத்தனை பேரும் எனக்கு முன்னால் டோக்கன் வாங்கிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொள்வேன்.

உள்ளே போனதும் நான் ஸ்கேன் கவரை நீட்டினேன். வாங்கி மேசையில் ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒன்றுக்குப் போவதில் கட்டுப்பாடு இல்லாமல் போகிறதா, உட்காருகிற இடத்தில் மரத்துப்போகிறதா, பாதம் தொங்குகிறதா, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் ஏதாவது? எல்லாம் இல்லை. "இதுல ஒண்ணு இருந்தாலும் உங்களை இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். இல்லை. சரி, இப்ப நிதானமா பார்க்கலாம்." இதை எழுதுவதற்குக் காரணம், புதுச்சேரியில் 15 நாளில் ஒருவர்கூட இந்தக் கேள்விகளை என்னிடம் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு படிவம். பத்துக் கேள்வி. ஆஸ்வெஸ்ட்ரி என்று இங்கிலாந்து ஊர் ஒன்றின் பெயரில் 1980-இலிருந்து புழங்குகிறதாம், தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறார். வலி எவ்வளவு, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, நிற்க முடிகிறது, தூக்க முடிகிறது, தூக்கம் எப்படி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. எட்டாவது கேள்வி தாம்பத்தியம் பற்றி. என் மகள் வயதைவிடப் பத்துப் பன்னிரண்டு கூடுதலாக இருக்கும் ஒரு பெண் எதிரில் உட்கார்ந்திருக்க, நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் 50-க்குப் பதில் 45-ஆல் வகுத்தார். விட்ட கேள்வியைக் கழித்துக்கொள்வதுதான் அதன் முறையாம். 45-க்கு 19. நூற்றுக்கு 42. 40-ஐத் தாண்டினால் கடுமை என்று வைத்துக்கொள்வார்கள் என்றார். எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது. வலியை முதன்முதலாக ஒருவர் தராசில் வைத்திருக்கிறார்.

அடுத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். பெண்கள் நெற்றியில் வைக்கும் அதே பொட்டு. முதுகெலும்பு ஓரமாக மேலிருந்து கீழே ஐந்து, இடுப்பெலும்புக் குழியில் பக்கத்துக்கு ஒன்று. ஆராய்ச்சிக்கூடத்தில் இதற்கென்று பளபளக்கும் உருண்டைகள் ஒட்டிச் சுற்றிலும் கேமரா வைத்து அளப்பார்களாம். மாடியில் பொட்டும் போன் வீடியோவும். குனி, நிமிர், ஒரு பக்கம் சாய். குப்புறப் படு. வலது முழங்காலை மடக்கு. படுத்தபடி காலை வெளிப்பக்கம் சாய். எல்லாம் முடிந்து வீடியோவைக் காட்டினார். கால் பாதிகூட மடங்கவில்லை, அதற்குள் இடுப்பில் இருக்கிற பொட்டு வலப்பக்கமாக நழுவுகிறது. இடது காலை மடக்கும்போது பொட்டு அசையவே இல்லை. பிறகு என் இடுப்பை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபடி வலது காலை மடக்கச் சொன்னார். முதல் தடவை சுருக்கென்ற வலி இந்தத் தடவை இல்லை. அதே கால், அதே மடிப்பு. எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

அன்றிரவு வீட்டில் சட்டையைக் கழற்றியபோது மனைவி கேட்டாள், "முதுகுல யாரு பொட்டு வச்சது?" ஏழில் ஒன்று எடுக்காமல் விட்டுப்போயிருக்கிறது. நான் விளக்கிச் சொல்லி முடிக்க இட்லி ஆறிவிட்டது. மேடம், தயவுசெய்து எண்ணி ஒட்டுகிற மாதிரி எண்ணி எடுங்கள்.

ஸ்கேனை இரண்டாவது வாரம்தான் எடுத்துப் பார்த்தார். எல் 4, எல் 5 என்கிற இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில் பிதுக்கம், தேய்மானம். "இது இருக்கு, இல்லைன்னு சொல்லல" என்றவர் ஒரு அட்டவணையைக் காட்டினார். 2015-இல் வெளியான ஆய்வு. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். 50 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு டிஸ்க் தேய்மானம், 60 பேருக்குப் பிதுக்கம். வலியே இல்லாதவர்களுக்கு! 20 வயதிலேயே நூற்றுக்கு 30 பேருக்குப் பிதுக்கம் இருக்கிறது. "அப்ப என் தம்பிக்கு ஸ்கேன் எடுத்தா?" என்று கேட்டேன். அவனுக்கு ஒரு வலியும் கிடையாது, மூட்டை தூக்குவதில் புலி. "எடுத்தா பிதுக்கம் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அதனால எடுக்காதீங்க, பாவம் நல்லா இருக்காரு" என்றார். 6,000 ரூபாய்க் கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இப்போது அதில் பால் பில் வைக்கிறோம்.

"உட்கார்ந்தே இருக்கேன், அதனாலதான் டிஸ்க் அமுங்குதா?" என்றும் கேட்டேன். இதற்குப் பதில் கொஞ்சம் நீளம். 1960-களில் சுவீடனில் நாகெம்சன் என்ற மருத்துவர் உயிருள்ள ஆட்களின் டிஸ்க்குக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தம் அளந்தாராம். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்றார். உட்காராதே என்ற பேச்சுக்கு அது பெரிய ஆதாரம். 1999-இல் ஜெர்மனியில் வில்கே என்பவர் குழு புதுக் கருவியால் அளந்தபோது, தளர்ந்து உட்காரும்போது நிற்பதைவிட அதிகமில்லை என்று வந்திருக்கிறது. "ஆனா அவங்க அளந்தது ஒரே ஒரு ஆளை. அதனால இதையும் கெட்டியா பிடிச்சுக்காதீங்க." தன் கையில் இருக்கிற சரக்கிலேயே எது சொத்தை என்று எடுத்துக் காட்டுகிற கடைக்காரரை நான் நம்புவேன்.

மூன்றாவது வாரம் வரச் சொல்லும்போது, "கடையில பருப்பு அள்ளுற கரண்டியைக் கொண்டாங்க" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. மஞ்சப்பையில் கரண்டியைப் போட்டுக்கொண்டு 19 படி ஏறினேன். காத்திருந்தவர்களில் ஒரு அம்மா "இங்க சாப்பாடும் போடுறாங்களா?" என்று கேட்டார்.

அறையில் ஒரு ஸ்டூல், வலப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் டிரம், அதில் மணல். "கடையில எப்படி எடுப்பீங்களோ அப்படியே எடுங்க." எடுத்தேன். போனில் காட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்தபடி, இரண்டு பாதமும் மேசைக்கு அடியில் நட்டு வைத்த மாதிரி நிற்க, இடுப்பிலிருந்து மட்டும் முறுக்கிக்கொண்டு வலப்பக்கம் குனிந்து டிரம்மின் அடியைத் துழாவுகிறேன். படுத்துக்கொண்டு காலை மடக்கியபோது நழுவிய அதே பொட்டு, அதே பக்கம். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" தெரியவில்லை. எண்ணிக்கொண்டு வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு காலி டப்பா வைத்தேன். வலப்பக்கம் திரும்பினால் ஒரு புளியங்கொட்டை, இடப்பக்கம் திரும்பினால் ஒரு கொண்டைக்கடலை. 7-இலிருந்து 11 வரை நாலு மணி நேரத்தில் புளியங்கொட்டை 143, கொண்டைக்கடலை 11. துவரம்பருப்பு, உளுந்து, பச்சரிசி, சர்க்கரை என்று ஓடுகிற சரக்கு எல்லாமே வலப்பக்கம். அப்பா வைத்த வைப்பு. அவர் இடக்கைக்காரர், கல்லாவில் மறுபக்கம் பார்த்து உட்காருவார். 20 வருடமாக நான் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன், டிரம்களைத் திருப்பவில்லை!

இதற்கு மேடம் ஒரு உடற்பயிற்சிகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. வயிற்றைப் பலப்படுத்து, தொடை நரம்பை இழு என்று பத்துப் படம் போட்ட தாள் தருவார்கள் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். கேட்டேவிட்டேன். அப்போதுதான் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கதை வந்தது. அமெரிக்காவில் அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிண்டா வான் டில்லன் என்ற பிசியோதெரபி ஆராய்ச்சியாளர், நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 154 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்திருக்கிறார். ஒரு பாதிக்குத் தசையைப் பலப்படுத்தும், நீட்டும் பயிற்சிகள். மறுபாதிக்குப் பயிற்சியே கிடையாது. அவரவர் அன்றாடம் செய்கிற, செய்யும்போது வலிக்கிற வேலையை வேறு மாதிரி செய்யப் பழக்குவது மட்டும். இருவருக்கும் வாரம் ஒரு மணி நேரம், ஆறு வாரம். 2021-இல் வெளியான முடிவு: இரண்டு கூட்டமும் தேறியது, ஆனால் வேலையை மாற்றிப் பழகியவர்கள் அதிகம் தேறினார்கள். அதை அளந்ததும் ஆஸ்வெஸ்ட்ரி படிவத்தின் ஒரு வகையில்தான். ஒரு வருடம் கழித்தும் வித்தியாசம் நின்றிருக்கிறது.

"ஆறு மாசம் கழிச்சு பாதிப் பேரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தாங்க. அதனால கூடுதல் பலன் எதுவும் வரல" என்றும் சொன்னார். எனக்கு உடனே காசுக் கணக்குதான் ஓடியது. அப்படியென்றால் ஆறு தடவைக்குமேல் நான் வரவேண்டாமா? "வேண்டாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். திரும்ப வராதே என்று சொல்லி வியாபாரம் செய்கிறவரை நான் முன்பு பார்த்ததில்லை.

சரி, என்ன பழக்கினார்? சொன்னால் சப்பென்று இருக்கும். திரும்பும்போது முதலில் பாதத்தை நகர்த்து. தொப்புளும் முழங்காலும் டிரம்மைப் பார்க்கட்டும். அப்புறம் இடுப்பு மூட்டில் மடங்கு, முழங்காலையும் மடக்கு, முதுகை முறுக்காதே. கேட்க இவ்வளவுதான். செய்வது அவ்வளவு சுலபமில்லை. வாடிக்கையாளர் "கால் கிலோ உளுந்து" என்று சொன்ன மாத்திரத்தில் கை தானாக வலப்பக்கம் பாய்ந்துவிடும், மூளைக்குச் செய்தி அப்புறம்தான் போகும். மாடியில் அவர் வேண்டுமென்றே வாடிக்கையாளர் மாதிரி அவசரப்படுத்துவார். "அண்ணா, பஸ்ஸு வந்துடுச்சு, சீக்கிரம்!" நான் பழையபடி முறுக்குவேன். மறுபடி முதலிலிருந்து. மணல் 2 கிலோவில் ஆரம்பித்து 10 ஆனது. கடைசி இரண்டு வாரம் 25 கிலோ அரிசிச் சிப்பத்தையே தரையிலிருந்து தூக்கவைத்தார். வெயிட் தூக்காதே என்று புதுச்சேரியில் சொன்ன அதே இடுப்பு.

கடையிலும் வேலை இருந்தது. துவரம்பருப்பு டிரம்மைச் செங்கல் அடுக்கி முக்கால் அடி உயர்த்தினேன். உளுந்தும் சர்க்கரையும் இடப்பக்கம் போயின. ஸ்டூலை ஒரு சாண் பின்னால் இழுத்தேன், இப்போது பாதம் நகர இடம் இருக்கிறது. செலவு எட்டுச் செங்கல்.

பெல்ட்டைப் பற்றிக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் தயங்கினார். புதுச்சேரிக்காரர்களைக் குறை சொல்ல மனமில்லை போலிருக்கிறது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலில் பெல்ட், இழுவை, டென்ஸ் என்கிற கரண்ட், அல்ட்ராசவுண்ட் நாலையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றுதான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பெல்ட் 850 ரூபாய் ஆயிற்றே என்றேன். "மூட்டை கட்டறதுக்கு ஆகுமா?" என்றார். ஆகவில்லை, முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

குறைகள் இன்னும் இருக்கின்றன. ஆறு தடவையில் இரண்டு தடவை, ஆராய்ச்சி வேலை என்று மத்தியானம் 3 மணிக்குமேல் போன் செய்து நாளை மாற்றினார்கள். கடையில் ஆள் ஏற்பாடு செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது பெரிய எரிச்சல். ஒரு தடவை போனே வரவில்லை, 19 படி ஏறிப் பூட்டைப் பார்த்துவிட்டு இறங்கினேன். மன்னிப்புக் கேட்டார், அன்றைய வாரக் கட்டணம் வாங்கவில்லை. பேச்சில் பாதி ஆங்கிலம். 'மோட்டார் ஸ்கில்' என்று சொல்லிக்கொண்டே போனார், நான் இரண்டு நாள் ஏதோ தண்ணீர் மோட்டார் சமாச்சாரம் என்று நினைத்தேன். பழக்கத்தை மாற்றுவது என்று சொன்னால் முடிந்தது. ஆராய்ச்சிக்கு என் கணக்கை எடுத்துக்கொள்ளலாமா என்று கையெழுத்துக் கேட்டார்கள். சேராவிட்டாலும் சிகிச்சையில் வித்தியாசம் இருக்காது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று எழுதியிருந்தது. படித்துப் பார்த்துத்தான் போட்டேன்.

முதல் தடவை 600, பிறகு 400. ஒரு வாரம் இலவசமானதால் எனக்கு ஆனது 2,200.

ஆறாவது வாரம் அதே படிவம். எட்டாவது கேள்வியை மறுபடி விட்டேன். 45-க்கு 8, நூற்றுக்கு 18. பொங்கல் சமயம் சரக்கு இறங்கியபோது வலி திரும்பி வந்தது, மூன்று நாள் இருந்தது. பயந்துபோய்ப் போன் செய்தேன். கால் மரத்துப்போகிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். "எப்படி இறக்கினீங்க?" லாரியின் பின்பலகையிலிருந்து, கால் ஊன்ற இடமில்லாமல், வலப்பக்கம் முறுக்கி. சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வரவேண்டாம் என்றார். நாலாவது நாள் சரியானது. நாலு எட்டு வைத்து நிமிர்வது இப்போது இரண்டு எட்டாகியிருக்கிறது, அதுவும் காலையில் மட்டும். முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிறு விடுமுறை. பிரதோஷத்தன்று போகாதீர்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கிளம்புவதற்கு முன் போன் செய்து ஆள் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அன்றாடம் பிடிக்கிற சாமான் எதுவோ, கரண்டியோ, கத்தரிக்கோலோ, மண்வெட்டியோ, முதல் நாளே கையோடு எடுத்துப் போனால் ஒரு வாரம் மிச்சம். படி ஏறும்போது இடப்பக்கச் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், வலப்பக்கம் சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும்.